கிருஷ்ணகிரிக்கு ஏற்றாத வண்டி

என் அத்தாவின், அதாவது அப்பாவின், முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாமல் போனதற்கு ஒரு பஸ் கண்டக்டர் காரணம். அவனை நான் பழிவாங்கினேன். இரண்டையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். மரியாதைக்கு ‘அவர்’ என்று எழுதலாம். எனக்கு வரவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மோட்டார் காயில் சுற்றும் பிரிவில் எனக்கு வேலை. தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைச் சின்ன மோட்டார்களுக்குச் சுற்ற வேண்டும். ஷிப்டு முடிந்து வரும்போது விரல் நுனிகளில் உணர்வே இருக்காது. தங்கியது வேலைக்குப் போகும் பெண்களுக்கான ஹாஸ்டலில். போர்டில்தான் ஹாஸ்டல், மற்றபடி அது ஒரு மாடி வீடு. அறைக்கு ஆறு கட்டில். உசிலம்பட்டி, திண்டுக்கல், நாகர்கோவில் என்று எங்கெங்கிருந்தோ வந்த பெண்கள். அங்கேயே பக்கத்து ஊர்க்காரி நான் ஒருத்திதான். ஒன்றரை மணி நேரத்தில் கிருஷ்ணகிரிக்குப் போய்விடலாம் என்று எல்லோருக்கும் என்மேல் பொறாமை.

அத்தாவுக்குப் புளி வியாபாரம். சொந்தக்காரர்கள் ஆயிரம் சொன்ன பிறகும் அவரேதான் என்னைக் கூட்டிவந்து ஹாஸ்டலில் விட்டார். எங்கள் அறைக் கதவின் தாழ்ப்பாளை மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு, “சரி, நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிக் கிளம்பினார். சனிக்கிழமை சாயங்காலங்களில் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் நின்றிருப்பார். நான் எந்த வண்டியில் வருவேன் என்று அவருக்குத் தெரியாது. ஓசூர்ப் பக்கமிருந்து வருகிற ஒவ்வொரு வண்டியின் படியையும் பார்த்துக்கொண்டு நிற்பார்.

வண்டி கிடைப்பதுதான் பெரும்பாடு. பெங்களூரிலிருந்து சேலத்துக்கும் மதுரைக்கும் போகிற வண்டிகள் ஓசூருக்கு வரும்போதே முக்கால்வாசி நிறைந்திருக்கும். எல்லாம் கிருஷ்ணகிரி வழியாகத்தான் போகும், அங்கே நிற்கவும் செய்யும். ஆனால் எங்களை ஏற்ற மாட்டார்கள். சேலம் போகிற ஆள் கிடைக்கும்போது கிருஷ்ணகிரியில் இறங்குகிறவளுக்கு எதற்கு இடம் என்பது கணக்கு. “சேலம் மட்டும் ஏறு, ஊடால எறங்கறவங்க ஏறாதீங்க” என்று படியை மறித்துக்கொண்டு நிற்பார்கள். சில கண்டக்டர்கள் கெஞ்சினால் இரங்குவார்கள். சிலர் நின்றுகொண்டு வருகிறேன் என்றால் விடுவார்கள். ஒருவன் மட்டும் எதற்கும் மசியமாட்டான். ஒல்லியான ஆள், கரகரத்த குரல். ‘சேலம்’ என்பதை ‘சேலோம்’ என்று இழுப்பான். ஹாஸ்டலில் அவனைத் தெரியாதவர்களே இல்லை.

அன்று எனக்கு இரண்டாம் ஷிப்டு. ஹாஸ்டலில் சாப்பிட்டுவிட்டுத் தலை வாரிக்கொண்டிருந்தபோது தந்தி வந்தது. அத்தா சீரியஸ், உடனே வா. அந்தக் காலத்தில் தந்தியில் செத்துப்போனதைச் செத்துப்போனார் என்று யாரும் எழுதமாட்டார்கள். பக்கத்துக் கட்டில் உசிலம்பட்டி அக்கா தந்தியை வாங்கிப் படித்தாள். என் பையை எடுத்துத் துணிகளை வைக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது.

எங்களில் அடக்கத்தைத் தள்ளிப்போட மாட்டார்கள். காலையில் உயிர் போயிருந்தால் சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். பெண்கள் அடக்கம் செய்கிற கபர்ஸ்தானுக்குப் போவதில்லை. முகம் பார்ப்பதென்றால் வீட்டில் பார்த்தால்தான் உண்டு. நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவந்தபோது மணி இரண்டே கால். உடனே வண்டி கிடைத்தால் நாலு மணிக்குள் வீட்டில் இருப்பேன். நின்றிருந்தது அவன் வண்டி.

“எங்க?” என்றான்.

“சேலம்” என்றேன்.

அது பொய்தான். இரண்டு வார்த்தை விளக்கம் சொல்வதற்குள் அவன் விசில் ஊதிவிடுவான் என்று எனக்குத் தெரியும். ஏறிவிட்டால் ஓடுகிற வண்டியில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கடைசி வரிசைக்கு முன்னால் நிற்க இடம் கிடைத்தது.

ஊரைத் தாண்டியதும் டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தான். நான் சேலத்துக்கான பணத்தையே நீட்டினேன்.

“அண்ணே, சேலம் டிக்கெட்டே குடுங்க. ஆனா நான் கிருஷ்ணகிரியில எறங்கிக்கிறேன். எங்க அத்தா மௌத்தாயிட்டாரு. தந்தி வந்திருக்கு” என்று சொல்லித் தந்தியையும் காட்டினேன்.

அவன் தந்தியை வாங்கவில்லை. “ஸ்டாண்டுல என்ன சொன்ன?”

“சேலம்னு சொன்னேன். தப்புதான்.”

“தெனமும் நாலு பேருக்கு அப்பன் சாவுறான் என் வண்டில. எறங்கு.”

ஒற்றை விசில். வண்டி நின்றது. பேரண்டப்பள்ளி தாண்டி, இரண்டு பக்கமும் காடு, நிறுத்தமே இல்லாத இடம். முன் வரிசையிலிருந்து ஒரு அம்மா, “பாவம், ஏறிட்டா. விடேம்ப்பா” என்றார். அவன் என் பையை எடுத்துப் படியில் வைத்தான். எறியவில்லை, வைத்தான். சொல்வதைச் சரியாகச் சொல்ல வேண்டும். நான் இறங்கியதும் இரட்டை விசில் கேட்டது.

நான் யார் வீட்டுப் பெண், எந்தத் தெருக்காரி என்பதெல்லாம் அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் இறக்கியிருப்பான். அவன் யாரையும் அப்படித்தான் இறக்கினான்.

அந்த ரோட்டில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கைகாட்டினேன். பெரிய வண்டிகள் ஒன்றும் நிற்கவில்லை. கருங்கல் ஏற்றிய லாரிகள் போகும்போது அடிக்கிற காற்றில் புடவையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசியில் சூளகிரி போகிற டவுன் பஸ் ஒன்று நிறுத்தியது. சூளகிரியில் இறங்கி, அங்கே காத்திருந்து, இன்னொரு வண்டி பிடித்து, எல்லாக் கிராமத்திலும் நின்று நின்று கிருஷ்ணகிரி போய்ச் சேர்ந்தபோது ஐந்து மணி தாண்டிவிட்டது.

எங்கள் தெரு முனையில் ஆண்கள் கும்பலாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். தொப்பியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, மெதுவாக, வேலை முடிந்தவர்களின் நடை. நடுவில் என் தம்பி. அவன் இரண்டு கைகளிலும் மண் இருந்தது. என்னைப் பார்த்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“அரை மணி நேரம் உனக்காக வெச்சிருந்தோம்க்கா” என்றான். “மழை வர்ற மாதிரி இருக்குதுன்னு பெரியவங்க எடுத்துட்டாங்க.”

வீட்டுக்குள் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, முகம் தூங்குகிற மாதிரியே இருந்தது, நல்ல களையாக இருந்தது என்று சொன்னார்கள். ஆறுதலுக்காகச் சொல்கிறார்கள் என்று தெரிந்தது. ஆனால் அதைச் சொன்ன ஒவ்வொருவர் மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது. நீங்கள் பார்த்தீர்கள், நான் பார்க்கவில்லை. அழுகை வரவில்லை. அந்தக் கரகரத்த குரல்தான் காதில் இருந்தது.

பத்து நாள் கழித்து ஹாஸ்டலுக்குத் திரும்பினேன். முதல் வேலையாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மூன்றாவது நாள் அவன் வண்டி வந்தது. பக்கத்தில் போய், அவன் சட்டையில் குத்தியிருந்த வில்லையின் எண்ணைப் படித்து மனப்பாடம் செய்துகொண்டேன். “சேலோமா?” என்றான். இல்லை என்று தலையாட்டிவிட்டு நகர்ந்தேன். அவன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதி அவனுடைய டெப்போவுக்கு அனுப்பினேன். தந்தியைப் பார்த்து அப்படியே ஒரு நகலும் எழுதி உடன் வைத்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு அச்சடித்த அட்டை வந்தது. தங்கள் கடிதம் கிடைத்தது, ஆவன செய்யப்படும். அவ்வளவுதான். அவன் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அதற்குப் பிறகு ஹாஸ்டலில் எல்லோரையும் விசாரிக்க ஆரம்பித்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊரிலிருந்து திரும்புகிறவர்களை வாசலிலேயே பிடித்துக்கொள்வேன். “அவன் வண்டியில யாரையாவது எறக்கினானா?” நிறையக் கிடைத்தது. ஆறு மாதக் கர்ப்பிணியைப் படியிலேயே தடுத்து நிறுத்தினான். காய்ச்சலில் இருந்த பிள்ளையோடு வந்தவளை ஏற்றவில்லை. காவேரிப்பட்டணத்து டீச்சர் ஒருவரைப் பொய்க்காரி என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். ஒவ்வொன்றையும் தேதி, நேரம், வண்டி எண்ணோடு எழுதி, நடந்தது யாருக்கோ அவர்களையே தேடிப்போய்க் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். ஒரு வார்த்தை கூட்டியதில்லை. மொத்தம் பதினொன்று. பதினொன்றுக்கும் அதே அச்சடித்த அட்டை.

பதினொன்றாவது அட்டை வந்த அன்று அதைக் கிழித்துப் போட்டேன். உசிலம்பட்டி அக்கா கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏ புள்ள, நீ எழுதறதுல அவய்ங்களுக்கு என்ன நட்டம்? உங்கப்பன் போனா அவய்ங்களுக்கு என்ன? புள்ளத்தாச்சி ரோட்டுல நின்னா அவய்ங்களுக்கு என்ன? அவய்ங்களுக்கு நட்டம் வர்ற மாதிரி ஒண்ணு எழுது.”

“அப்படி அவன் ஒண்ணும் பண்ணலையேக்கா.”

“பண்ணலைன்னா நீ பண்ண வையி.”

பன்னிரண்டாவதை நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதினோம். இன்ன தேதியில் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஏறினோம், இரண்டு பேருக்கும் பணம் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், டிக்கெட் கேட்டதற்கு, பேசாமல் உட்கார், இறங்கும்போது யார் கேட்கப்போகிறார்கள் என்றார். முழுப் பொய். அவன் ஒரு பைசா தொடமாட்டான். வாங்கிய காசைத் தோல்பையில் போட்டு, டிக்கெட்டைக் கிழித்து, மீதியை எண்ணிக் கொடுக்கிற ஆள். அந்த விஷயத்தில் அவனை ஒரு குறை சொல்ல முடியாது. அது தெரிந்துதான் எழுதினேன்.

பத்தே நாளில் டெப்போவிலிருந்து இரண்டு பேர் ஹாஸ்டலுக்கு வந்துவிட்டார்கள். வார்டன் அவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தார். அத்தாவின் சாவுக்கு அட்டை அனுப்பியவர்கள் இரண்டு டிக்கெட் காசுக்கு நேரில் வந்தார்கள். நாங்கள் சொன்னதை எழுதிக்கொண்டு, சேலத்தில் விசாரணைக்கு வர முடியுமா என்று கேட்டார்கள். நான் அக்காவுக்கு முந்திக்கொண்டு, “வர்றோம் சார்” என்றேன்.

முந்தின நாளே சேலம் போய், அக்காவுக்குத் தெரிந்த நர்ஸுகள் தங்கியிருந்த ஹாஸ்டலில் இறங்கினோம். மத்தியானம் எல்லோரும் டூட்டிக்குப் போய்விட்டார்கள். காலிக் கட்டில்களுக்கு நடுவில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். எந்த சீட், யார் ஜன்னலோரம், என்ன நோட்டு கொடுத்தோம். திடீரென்று எனக்கு ஒன்று உறைத்தது.

“அக்கா, நம்ம பதினோரு கடுதாசியிலயும் அவன் கிருஷ்ணகிரி ஆளை ஏத்தவே மாட்டேங்கறான்னுதான எழுதியிருக்கோம். இப்ப ஏத்தினான், காசு வாங்கினான்னு சொன்னா? அதை எடுத்துப் பாத்தா மாட்டிக்குவோமே.”

அக்கா சிரித்தாள். “அதைப் படிச்சிருந்தா அவய்ங்க என்னைக்கோ வந்திருப்பாய்ங்க. நீ தூங்கு.”

அவள் சொன்னதுதான் நடந்தது. விசாரணை அறையில் மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். எங்கள் பன்னிரண்டாவது கடிதம் மட்டும்தான் அவர்கள் முன்னால் இருந்தது. அவன் சுவரோரம் நின்றிருந்தான். வண்டியில் படியை மறித்து நிற்கிறவன் அங்கே கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றான்.

“இவர்தானாம்மா?” என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

“இவர்தான் சார்.”

“சார், சத்தியமா சொல்றேங்க. கிருஷ்ணகிரி ஆளை நான் ஏத்தறதே இல்லீங்க. ஓசூருல யார வேணா கேளுங்க” என்றான் அவன். பிறகு என் பக்கம் திரும்பி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். “இந்தப் பொண்ணை நான் பாத்ததே இல்லீங்க சார்.”

அவன் நடிக்கவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. காட்டு ரோட்டில் என்னை இறக்கியது, தந்தி, என் அத்தா, எதுவும் அவன் தலையில் இல்லை. நான் ஒரு வருடமாக அவனைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை. அவனோ என்னைப் பார்த்ததே இல்லை என்கிறான். என்னையறியாமல் வாய் திறந்துவிட்டேன். “என்னையா பாத்ததில்ல? எங்க அத்தா…” மேஜைக்கடியில் அக்கா என் கையைக் கிள்ளினாள். தோல் பிய்ந்துபோகிற மாதிரி கிள்ளினாள். காரணத்தைச் சொன்னால் பொய் வெளிப்பட்டுவிடும். வாயை மூடிக்கொண்டேன்.

“என்னம்மா சொல்ல வந்தீங்க?”

“எங்க அத்தா குடுத்து அனுப்பின காசு சார் அது” என்றேன். அதுவும் பொய்.

அவனுக்கு மூன்று மாதம் வேலை இல்லை. அதற்குப் பிறகு சம்பள உயர்வை வெட்டி, சேலம் வண்டியிலிருந்து எடுத்து, ஓசூர் – தேன்கனிக்கோட்டை கிராமத்து வண்டியில் போட்டார்கள். செய்தி வந்த அன்று ஹாஸ்டலில் கேசரி கிளறினோம். நான் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அத்தா போன பிறகு எனக்கு நாக்கில் ருசி தெரிந்தது அன்றுதான். இதைப் படிக்கிறவர்கள் என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. யார் அடித்தது என்று அவனுக்குத் தெரியாது. எதற்கு அடித்தது என்றும் தெரியாது. ஏதோ இரண்டு பெண்கள் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பான். காரணம் தெரியாத தண்டனை என்ன தண்டனை? ஷிப்டில் கம்பி சுற்றும்போதெல்லாம் இதுவே ஓடியது. கம்பி அறுந்து அறுந்து சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வண்டியில் ஏறினேன். தேன்கனிக்கோட்டைக்கு டிக்கெட் கேட்டேன், கொடுத்தான். வண்டியில் பாதிப் பேர் கன்னடம், பாதிப் பேர் தெலுங்கு. கேட்டவர்களுக்குக் கேட்ட பாஷையில் பதில் சொல்லிக்கொண்டே டிக்கெட் போட்டான். பழைய கரகரப்பு இருந்தது, பழைய வேகம் இல்லை. ராகிக் கொல்லைகள் வர ஆரம்பித்தன. ஒரு கொல்லை முழுக்க யானை மிதித்து நாசமாகிக் கிடந்தது. அந்தக் கொல்லை ஓரத்தில், நிறுத்தமே இல்லாத இடத்தில், ஒரு வயதான பெண் மூட்டையோடு நின்று கைகாட்டினாள். அவன் விசில் ஊதினான். வண்டி நின்றது. அவனே கீழே இறங்கி மூட்டையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்படியானால் உனக்கு இது தெரிந்திருக்கிறது. நிறுத்தவும் தெரியும், கைகொடுக்கவும் தெரியும். அன்றைக்கு மட்டும் எங்கே போயிற்று?

தேன்கனிக்கோட்டையில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார். அவன் பின் சீட்டில் உட்கார்ந்து சில்லறையைப் பிரித்துக்கொண்டிருந்தான். நான் எதிரில் போய் நின்றேன்.

“என்னைத் தெரியுதா?”

நிமிர்ந்து பார்த்தான். இந்தத் தடவை தெரிந்தது. “விசாரணைக்கு வந்த பொண்ணு.”

“அதுக்கு முன்னாடி?”

“முன்னாடி எங்க?”

சொன்னேன். பேரண்டப்பள்ளி தாண்டி இறக்கியது, தந்தியைக் காட்டியது, அவன் சொன்ன அந்த வாக்கியம், தம்பியின் கையில் மண், எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, “நீங்க காசு வாங்கல. டிக்கெட்டு குடுக்காம இருக்கல. நாந்தான் பொய் எழுதினேன். இதுக்குத்தான் எழுதினேன்” என்றேன்.

அவன் கையில் இருந்த சில்லறையைப் பைக்குள் போட்டான். மன்னிப்புக் கேட்பான் என்று நினைத்தேன், அல்லது அடிக்க வருவான் என்று. இரண்டுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன்.

“எனக்கு ஞாபகமே இல்லம்மா” என்றான். “அப்படி எத்தனையோ பேரை எறக்கியிருக்கேன். உங்கப்பா விஷயம் தப்புதான். ஆனா இந்தக் காசு விஷயம் இருக்குது பாரு… எங்க வீட்டுல அவளே நம்பலை. பதினஞ்சு வருஷம் ஒரு பைசா எடுத்ததில்லைன்னு சொன்னா, அப்புறம் எதுக்குத் தண்டனை போட்டாங்கங்கறா. பசங்க என்ன நெனைக்கறாங்கன்னு கேக்கவே பயமா இருக்குது.” பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தான். டிக்கெட் விவரம் எழுதும் தாளிலிருந்து ஒன்றைக் கிழித்தான். “இப்ப சொன்னியே, அதை மட்டும் எழுதிக் குடுத்துடு. டெப்போவுக்குக்கூட வேணாம். வீட்டுல காட்டிக்கறேன்.”

பேனாவையும் தாளையும் நீட்டியபடியே இருந்தான். இரண்டு வரி எழுத ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. பதினொரு கடிதங்களை மணிக்கணக்கில் எழுதியவள் நான்.

“எழுதித் தர மாட்டேன்” என்றேன்.

“உனக்கு ஒண்ணும் ஆகாதும்மா. நான் யாருகிட்டயும்…”

“எனக்கு என்ன ஆனா என்ன? நான் கேட்டப்ப நீங்க தந்தியை வாங்கிக்கூடப் பாக்கல.”

இறங்கி நடந்தேன். திரும்பி வர வேறு வண்டி பிடித்தேன். அன்றைக்குத்தான் பழி எனக்கு முழுசாகக் கைக்கு வந்தது போலிருந்தது. இப்போது அவனுக்குத் தெரியும். நிஜம் தெரிந்தும் அவனால் அதை வேறு யாரிடமும் நிரூபிக்க முடியாது. நிஜத்தைச் சொல்லியும் நம்பப்படாமல் நிற்பது எப்படி இருக்கும் என்பதும் இனி அவனுக்குத் தெரியும்.

அக்கா அடுத்த வருடம் கல்யாணமாகி ஊருக்குப் போய்விட்டாள். எனக்கும் கல்யாணம் ஆனது, வேலையை விட்டேன், பிள்ளைகள் பிறந்தார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தடவை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அந்தத் தாளை எழுதிக் குடுத்துடு. அந்தாளு பொண்டாட்டி என்ன பண்ணுச்சு?” என்றாள்.

நியாயமான கேள்விதான். அவளை நான் நினைத்ததே இல்லை. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஒரு இன்லேண்டு லெட்டரை எடுத்து, தேதி போட்டு, ‘ஐயா’ என்றுகூட எழுதினேன். அடுத்த வரிக்கு வரும்போது அவன் குரல் கேட்டது. தெனமும் நாலு பேருக்கு. மடித்து வைத்துவிட்டேன்.

அவன் அதே வண்டியில் இருந்து ஓய்வு பெற்றதாகப் பிற்பாடு ஓசூரில் ஒருவர் சொல்லக் கேட்டேன். தண்டனை கடைசிவரை அவன் பெயரில் அப்படியே இருந்ததாம். நல்ல மனுஷன், எங்கே கைகாட்டினாலும் நிறுத்துவான் என்றும் அவர் சொன்னார். இருக்கலாம். எனக்கும் நிறுத்தினான், இறக்கிவிட.